கஞ்சா விதைக்கும் முண்டு மிளகாய் விதைக்கும் ஒரே சான்றிதழா? கீழக்கரை வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, நான் கீழக்கரையில் சிறிய அளவில் நாட்டு விதைக் கடை நடத்துகிறேன். முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துச் சம்சாரிகளிடம் முண்டு மிளகாய் விதை வாங்கிச் சில்லறையாக விற்பேன். நெதர்லாந்திலிருந்து ஒருவர் ஐந்து கிலோ முண்டு மிளகாய் விதை கேட்கிறார். அதோடு இருபத்தைந்து கிலோ ஹெம்ப் விதை, அதாவது கஞ்சா விதை, வாங்கி அனுப்ப முடியுமா என்றும் கேட்கிறார். உத்தராகண்டில் அதை விற்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். சரக்கு அனுப்பும் ஏஜெண்ட், "ஃபைட்டோ (தாவர நலச் சான்றிதழ்) ஒன்று எடுத்துவிட்டால் எந்த விதையும் எந்த நாட்டுக்கும் போகும், இரண்டையும் ஒரே ஃபைட்டோவில் போட்டுவிடலாம்" என்கிறார். துபாயில் இருக்கும் என் மச்சான், "கொஞ்சம்தானே, பறவைத் தீனி என்று எழுதிக் கூரியரில் போடு" என்கிறார். எது சரி? நான் யாரிடம் போக வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஏஜெண்ட் சொன்னதும் தவறு, உங்கள் மச்சான் சொன்னது அதைவிடத் தவறு. மிளகாய் விதையை நீங்கள் முறையாக அனுப்ப முடியும். அதற்கு ஒரு சாகுபடிப் பருவம் முழுக்கப் பொறுமை வேண்டும். கஞ்சா விதை ஆர்டரை மறுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பயிர் நோயியல் படித்துவிட்டு, விதை ஏற்றுமதி செய்வோருக்கான ஆய்வுப் பணியிலும் ஆவணப் பணியிலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இந்தக் கேள்வி உங்களோடு முடிவதில்லை. நம் கரையிலிருந்து விதை அனுப்ப நினைக்கிற பலரும் இதே இரண்டு யோசனைகளில் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

ஏற்றுமதிக்காரர்கள் வாயில் ஃபைட்டோ என்று வழங்கும் தாவர நலச் சான்றிதழ், ஒரு நாட்டு அரசு இன்னொரு நாட்டு அரசுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். 1951இல் ரோமில் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, எல்லா நாடுகளும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இதை வழங்குகின்றன. "இந்தச் சரக்கை முறைப்படி ஆய்வு செய்தோம், நீங்கள் தடுத்து வைத்திருக்கும் பூச்சியும் நோயும் இதில் இல்லை என்று கருதுகிறோம், நீங்கள் விதித்த தாவர நல நிபந்தனைகளுக்கு இது பொருந்துகிறது" என்பதே அதன் சாரம். அதில் கையெழுத்திடும் உரிமை அரசு அதிகாரம் அளித்த அலுவலருக்கு மட்டுமே உண்டு. ஏஜெண்ட் விண்ணப்பத்தை நிரப்பலாம், கட்டணம் கட்டலாம், சரக்கை ஆய்வுக்குக் கொண்டுபோகலாம். சான்றிதழை "போட்டுக் கொடுக்க" அவரால் முடியாது. அப்படிக் கொடுப்பதாக ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

அந்த வாக்குமூலத்தில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். விதை முளைக்குமா, என்ன ரகம், யாருக்குச் சொந்தம், அதை விற்கவும் வாங்கவும் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பவற்றைப் பற்றி அந்தத் தாள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பூச்சியில்லாத கஞ்சா விதை பூச்சியில்லாத விதைதான். அதனாலேயே அது சட்டத்துக்கு உட்பட்ட சரக்காகிவிடாது. ஏஜெண்ட் குழப்பிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். சுங்க அலுவலரும் போதைப்பொருள் தடுப்பு அலுவலரும் கேட்கும் கேள்விக்குத் தாவர நலச் சான்றிதழ் பதிலாகாது.

கஞ்சா விதையைப் பற்றிய சட்ட நிலை பலர் நினைப்பதைவிட நுட்பமானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சா என்பதற்குத் தரும் விளக்கம் செடியின் பூக்கும் நுனிகளையும் காய்க்கும் நுனிகளையும் குறிக்கிறது. அந்த நுனிகளோடு சேர்ந்திராத விதையையும் இலையையும் விளக்கத்திலிருந்து வெளியே நிறுத்துகிறது. 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒற்றை உடன்படிக்கையும் இதே வழியில்தான் போகிறது. இதைப் படித்துவிட்டு "விதைக்குத் தடை இல்லை" என்று சொல்பவர்கள், "நுனிகளோடு சேர்ந்திராத" என்ற சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுத்தம் செய்யாத கஞ்சா விதையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக வலைக்கோடு ஓடிய சிறு கொட்டைகளின் நடுவே, விதையைப் பொதிந்திருந்த பூவடிச் செதில்களின் துணுக்குகள் கிடக்கும். விரலில் எடுத்து நசுக்கினால் பிசுபிசுப்பாக ஒட்டும். அந்தப் பிசின்தான் போதை தரும் பகுதி. கிலோவுக்கு ஒரு பிடி துணுக்கு கலந்திருந்தாலும் அது தனி விதை என்ற வாதம் ஆட்டம் கண்டுவிடும். தாவர ஆய்வாளர் குப்பை என்று பார்க்கும் அதே துணுக்கைக் காவல்துறை வேறு பெயரில் பார்க்கும்.

விதையை விதைப்பது முற்றிலும் வேறு குற்றம். உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் பயிரிட அரசு தனி ஆணையால் அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. உத்தராகண்ட் அந்த வழியில் உரிமம் வழங்கிய மாநிலம். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஹெம்ப் விதையை உணவாக ஏற்று, போதைப் பொருளான டிஎச்சி விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த உத்தராகண்ட் வியாபாரி சட்டத்துக்கு உட்பட்டே விற்கிறவராக இருக்கலாம். ஆனால் அவர் விற்பது தின்பதற்கான விதையா, விதைப்பதற்கான விதையா, எந்த உரிமத்தின் கீழ் எந்த வயலில் விளைந்தது என்பதற்கெல்லாம் அவரிடம் தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத விதைக்கு உங்கள் பெயரில் ஏற்றுமதி விண்ணப்பம் எழுதினால், விளைந்த இடம் என்ற கட்டத்தில் நீங்கள் எதை நிரப்புவீர்கள்?

வாங்குகிறவர் பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதைப்புக்காக வரும் ஹெம்ப் விதைக்கு, அந்த ரகத்தின் டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற சான்று வேண்டும். விதைப்பு தவிர்ந்த வேறு பயனுக்கு வரும் விதையை, அந்தந்த நாட்டு அரசு அனுமதி பெற்ற இறக்குமதியாளர் மட்டுமே வாங்கலாம். உங்களிடம் கேட்பவர் தனி ஆளா, அனுமதி பெற்ற நிறுவனமா என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. இருபத்தைந்து கிலோ விதையைக் கீழக்கரையில் உள்ள ஒரு மிளகாய் விதைக் கடையிடம் கேட்பவர், தம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பட்டியலிட்ட ரக விதையை ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். நியாயமான காரணம் இருக்கவும் கூடும். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்.

தாவர நலத்தின் பார்வையிலும் இந்த விதை எளிய சரக்கன்று. ஹாப் லேட்டண்ட் வைராய்டு என்று ஒரு நுண்கிருமி உண்டு; வைரஸைவிடச் சிறியது, விதை வழியாகவும் பரவக்கூடியது, கண்ணுக்கோ லென்சுக்கோ அகப்படாதது. 2019இல் கலிஃபோர்னியாவில் கஞ்சாச் செடிகள் குட்டையாகி விளைச்சல் குன்றியதற்கு இதுவே காரணம் என்று கண்டார்கள். இன்னொன்று ஒட்டுண்ணிக் களை. புகையிலை வயலில் காணும் பூக்காளான் வகையைச் சேர்ந்த கிளைவிடும் ஓரோபாங்கி, ஹெம்ப் பயிரின் வேரிலும் ஒட்டி உறிஞ்சும். அதன் விதை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. தூசியோடு தூசியாக மூட்டையின் அடியில் தங்கும். ஆய்வுக்கூடத்தில் சல்லடை கீழே இறக்கிய பொடியை நுண்ணோக்கியில் வைக்கும்போதுதான் அது விதை என்றே தெரியும். அந்தப் பொடியை நான் எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். வெறும் கண்ணுக்கு மூக்குப்பொடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

பெயரைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வயலுக்குத் தழையுரமாக விதைக்கும் சணப்பு, ஆங்கில வணிகப் பெயரில் "சன் ஹெம்ப்". கஞ்சாவுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. அது அவரைக் குடும்பம், தாவரவியல் பெயர் குரோட்டலேரியா ஜன்சியா. கஞ்சா கன்னாபிஸ் சட்டைவா. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆவணம் பார்த்த ஒரு சணப்பு விதைச் சரக்கில், சான்றிதழில் தாவரவியல் பெயர் சரியாக இருந்தும், அனுப்பியவர் விலைப்பட்டியலில் சுருக்கமாக "ஹெம்ப் விதை" என்று தட்டச்சு செய்துவிட்டார். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் மூன்று வாரம் பெட்டகம் நின்றது. விதையை மீண்டும் மாதிரி எடுத்து, வேறு ஆய்வகத்துக்கு அனுப்பி, அது சணப்புதான் என்று எழுதி வாங்கும் வரை ஒவ்வொரு நாளும் பெட்டக வாடகை ஏறியது. விதைப்புப் பருவமும் அங்கே முடிந்துபோயிற்று. அந்த விலைப்பட்டியலின் முதல் பிரதி என் மேசை வழியாகத்தான் போனது, நானும் கவனிக்கவில்லை. அன்று முதல் சான்றிதழ், விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், சாக்கின் மேல் ஒட்டும் சீட்டு ஆகிய நான்கிலும் ஒரே தாவரவியல் பெயர், ஒரே எடை, ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று வரிவரியாகச் சரிபார்க்காமல் எதையும் நான் விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள்.

"பறவைத் தீனி" என்ற யோசனைக்கு வருகிறேன். பொய்ப் பெயரில் விதை அனுப்புவது தாவர நலச் சட்டத்தை மீறுவதோடு சுங்கத்திடம் பொய் அறிவிப்பும் ஆகும். கஞ்சா விதையாக இருந்தால், வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமை என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருவேளை அதை மச்சான் பெயரில் துபாய் வழியாக அனுப்பினால், பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும்போது பதில் சொல்லும் இடத்தில் நிற்பவர் மச்சான்தான். நம் கரையின் நிலைமையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணை வழியாக இலங்கைக்குக் கஞ்சா கடத்துவது பற்றிய செய்தி இல்லாத மாதமே நம் பகுதியில் குறைவு. வேதாளை, மண்டபம், தங்கச்சிமடம் கரைகளில் கடலோரக் காவல் படையும் சுங்கமும் இரவும் பகலும் சோதனை செய்கிற மாவட்டத்திலிருந்து, "கன்னாபிஸ்" என்ற சொல் எழுதிய சாக்கு ஒன்று கிளம்பினால், எவ்வளவு சுத்தமான தாள் இருந்தாலும் உங்கள் கடை மாதக்கணக்கில் விசாரணையில் மாட்டிக்கொள்ளும். மிளகாய் விதைக்காக உங்களை நம்பி நிற்கும் சம்சாரிகளின் வருமானமும் அதோடு நின்றுபோகும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆர்டரை மறுக்கச் சொல்கிறேன். என் சொல்லை மீறியும் உங்களுக்கு அதில் நாட்டம் இருந்தால், ஒரு ரூபாய் முன்பணம் வாங்குவதற்கு முன், குவாலியரில் உள்ள மத்தியப் போதைப்பொருள் பணியகத்துக்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்துக்கும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாராவது "பரவாயில்லை" என்று சொன்னது எதற்கும் உதவாது.

அளவு குறைவு என்றால் சான்றிதழ் தேவையில்லை என்ற எண்ணமும் பழையது. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணியின் பெட்டியில் போகும் விதைக்கும், தபாலில் போகும் விதைக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். அன்னாசி, தேங்காய், முள்நாறிப் பழம் (டூரியன்), வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்து கனிகளுக்கு மட்டுமே விலக்கு. அமெரிக்கா சிறு விதைப் பொட்டலங்களுக்கு ஒரு தனி வழி வைத்திருக்கிறது. அங்கும் வாங்குபவர் முன்கூட்டியே அனுமதி பெற்று, பொட்டலத்துக்கு 50 விதை அல்லது 10 கிராம் என்ற வரம்புக்குள், ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். நெதர்லாந்துக்கு அந்த வழியும் இல்லை.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றினால், நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. பரமக்குடியிலிருந்து சாயல்குடி வரை கண்மாயையும் தரிசையும் நிறைத்து நிற்கும் சீமைக் கருவேலம் இந்த மண்ணின் மரமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மரம். மண்டபம் கடற்பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகளின் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்தப் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பிழைக்கும் பெண்களைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வெளியிலிருந்து வரும் உயிர் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம், 1869இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவான காப்பி இலைத் துரு நோய், சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களையே இல்லாமல் ஆக்கிற்று. அதன் பின்தான் தேயிலை. அந்தத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை நோய்த்தடுப்புக்கென்று நிறுத்திவைத்த இடம் மண்டபம் முகாம். மனிதருக்குச் செய்த அந்தக் காவலைத்தான் சான்றிதழ் இன்று விதைக்குச் செய்கிறது. மிளகாய்க்காரரான உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. 2015இல் பெங்களூருப் பக்கம் பப்பாளியில் முதன்முதலாகக் கண்ட வெளிநாட்டு இலைப்பேன் ஒன்று, 2021இல் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்ப் பூக்களைத் தின்று வயல்களை அழித்தது. அந்த ஆண்டு பூ கருகிய செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்ட சம்சாரிகளை நான் நேரில் பார்த்தேன். அதே அச்சம் நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் மிளகாய் வளர்ப்பவருக்கும் உண்டு.

மிளகாய் விதையை எப்படி அனுப்புவது என்பதை இனிச் சொல்கிறேன். இங்கேதான் உங்கள் உழைப்புக்குப் பயன் இருக்கிறது.

எல்லாரும் விதை மூட்டையைக் கட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போகிறார்கள். வேலையைத் தொடங்க வேண்டிய இடம் வாங்குகிறவரின் நாடு. அந்த நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு மிளகாய் விதைக்கு இன்று விதித்திருக்கும் நிபந்தனை என்ன என்று, வாங்குபவரே அங்கே கேட்டு, எழுத்தில் வாங்கி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போன வருடம் வேறொருவர் அனுப்பிய சான்றிதழைப் பார்த்து எழுதுவது ஆபத்து, ஏனெனில் நிபந்தனைகள் அடிக்கடி மாறும். 2014இல் இஸ்ரேலில் முதன்முதலாகக் கண்ட தக்காளிப் பழுப்புச் சுருக்கப்பழ வைரஸ் மிளகாயையும் தாக்கும். விதையின் மேல் ஒட்டிக்கொண்டும் போகும். அதன் காரணமாக 2019 முதல் பல நாடுகள் மிளகாய் விதைக்குப் பரிசோதனை கேட்கத் தொடங்கின. பின்னர் சில நாடுகள் அந்த விதியைத் தளர்த்தவும் மாற்றவும் செய்தன. உருளைக்கிழங்கு கதிர்க்கிழங்கு வைராய்டு என்று இன்னொன்றும் மிளகாய் விதையில் தேடப்படுவது. வாங்குபவர் அனுப்பும் தாளில் "கூடுதல் உறுதிமொழி" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் செலவையும் காலத்தையும் தீர்மானிப்பது அந்த ஒரு பத்திதான்.

அந்த உறுதிமொழி பெரும்பாலும் இரண்டு விதமாக வரும். விதையை ஆய்வகத்தில் சோதித்து இன்ன நோய் இல்லை என்று கண்டோம் என்பது ஒன்று. தாய்ச் செடியை வளரும் பருவத்தில் வயலில் ஆய்வு செய்தோம், நோய் இல்லை என்பது இன்னொன்று. முதலாவதை அறுவடைக்குப் பின்னும் செய்யலாம். இரண்டாவதை, செடி நிற்கும்போது அலுவலர் வயலுக்கு வந்து பார்த்திருந்தால் ஒழிய, எவ்வளவு பணம் கொடுத்தாலும் எழுத முடியாது. எழுதினால் அது பொய். சித்திரையில் விதையைக் கையில் வைத்துக்கொண்டு தை மாதத்து வயல் ஆய்வுச் சான்று கேட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிய ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகவே இருந்தது, ஏனெனில் விதையில் குறை ஒன்றும் இருந்திராது; கேட்ட காலம்தான் தவறு.

ஆய்வகச் சோதனைக்கு வழக்கமாக 3000 விதை எடுப்பார்கள். ஆயிரம் மிளகாய் விதை ஐந்து, ஆறு கிராம்தான் இருக்கும் என்பதால், உங்கள் ஐந்து கிலோவில் இருபது கிராம் போனால் பெரிய இழப்பில்லை. ஆனால் அந்த ஐந்து கிலோவும் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும். ஏழு சம்சாரிகளிடம் வாங்கிய விதையை ஒரே சாக்கில் கொட்டிக் கலந்துவிட்டால், ஒருவர் வயலின் நோய் ஏழு பேரின் விதையையும் தள்ளிவிடும். தனித்தனியே வைத்தால் ஏழு சோதனைக்குச் செலவாகும். ஆகவே ஒரே ஊரில், முடிந்தால் ஒரே வயலில், ஐந்து கிலோ விதை கிடைக்கும்படி ஒரு நல்ல சம்சாரியைத் தேர்ந்துகொண்டு, அவருக்கு விதைக்கென்று கூடுதல் விலை கொடுத்துவிடுங்கள்.

அடுத்து மண். நம் பகுதியில் பழத்தைக் களத்திலும் சாலையோரத்திலும் வெறுந்தரையில் உலர்த்துவது வழக்கம். வற்றலுக்கு அது செல்லும். வெளிநாடு போகும் விதைக்குச் செல்லாது. ஆய்வாளர் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் குழல் ஊசியைச் செருகி விதை எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, பத்து மடங்கு லென்சில் பார்ப்பார். கடுகைவிடச் சிறிய கரிசல் மண்கட்டி ஒன்று தென்பட்டாலும் கையை நிறுத்திவிடுவார். மண்ணுக்குள் நூற்புழு இருக்கலாம், பூசண வித்து இருக்கலாம். அதனால் மண் ஒட்டிய விதையை ஏறக்குறைய எந்த நாடும் ஏற்பதில்லை. விதைக்கான பழத்தைத் தார்ப்பாயில் உலர்த்துங்கள். விதையைப் பிரித்த பின் நிழலில் காயவிட்டு, காம்புத் துணுக்கும் தோல் துணுக்கும் இல்லாமல் புடைத்து எடுங்கள். ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குள் வரட்டும். ஈரம் மிகுந்த விதைக்குப் பூச்சிக்கொல்லிப் புகைமூட்டம் போட்டால் முளைப்பு விழுந்துவிடும். புகைமூட்டம் தேவையா என்பதையும் போகும் நாட்டின் நிபந்தனைதான் சொல்ல வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவைக்காதீர்கள்.

போக வேண்டிய இடம் உங்களுக்குத் தொலைவில்லை. ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் தூத்துக்குடி. அங்கே மத்திய அரசின் தாவரத் தொற்றுத்தடைக் காப்பு நிலையம் இருக்கிறது. விமானத்தில் அனுப்புவதானால் திருச்சியையோ சென்னையையோ கேட்டுக்கொள்ளலாம். விண்ணப்பம் இப்போது இணையவழியில்தான். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் உங்கள் கடையின் பெயரில் வேண்டும். விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விதை விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் உரிமம் தேவை; சில்லறைக்கு வாங்கி வைத்திருக்கும் உங்கள் உரிமம் ஏற்றுமதியையும் உள்ளடக்குகிறதா என்று வேளாண்மைத் துறை அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பின் சரக்கைத் தேக்கி வைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அது வழங்கிய 14 நாளுக்குள் சரக்கு நாட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பேனாவால் திருத்தாதீர்கள்; திருத்தம் இருந்தால் தாள் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள். வேறு தாள் கேட்டு வாங்குங்கள்.

ஏஜெண்ட் சொல்லாத இன்னொரு கதவும் உண்டு. இது எனக்கு மனத்துக்கு நெருக்கமானது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வானம் பார்த்த பூமியில், உப்புக் காற்றில், தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் தேர்ந்து வைத்த விதை அது. நெதர்லாந்துக்காரர் அதைத் தம் தோட்டத்தில் வளர்த்துப் பார்க்கக் கேட்கிறாரா, புது ரகம் உருவாக்கக் கேட்கிறாரா என்பது பெரிய வித்தியாசம். வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தை ஆராய்ச்சிக்கோ வணிகப் பயன்பாட்டுக்கோ பெறுவதானால், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஐந்து கிலோ என்பது எட்டு லட்சம் விதைக்கு மேல். வீட்டுத் தோட்டத்துக்கு யாரும் அவ்வளவு வாங்குவதில்லை. எதற்கு என்று அவரை எழுத்தில் சொல்ல வையுங்கள். வணிகத்துக்கு என்றால், ஆணையத்திடம் அவர் விண்ணப்பித்துப் பெறும் அனுமதியில், கிடைக்கும் பயனில் ஒரு பங்கு விதை காத்தவர்களுக்கும் சேர வழி இருக்கிறது. அதை நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

காலக்கணக்கு இப்படி வரும். புரட்டாசி, ஐப்பசியில் மழையை ஒட்டி விதைப்பு. அதற்கு முன்பே வாங்குபவர் நாட்டு நிபந்தனை உங்கள் கையில் இருக்க வேண்டும். வயல் ஆய்வு தேவை என்றால் விதைத்த உடனே தூத்துக்குடிக்கு எழுதி, வயலின் சர்வே எண்ணையும் சம்சாரியின் ஒப்புதலையும் கொடுத்துவிட வேண்டும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் செடி பூத்துக் காய்க்கும்போது அலுவலர் வருவார். அன்று நீங்களும் சம்சாரியும் வயலில் இருங்கள். இலை சுருண்ட செடி, மஞ்சள் பாய்ந்த செடி எது கண்ணில் பட்டாலும் மறைக்காமல் நீங்களே காட்டுங்கள்; அதைப் பிடுங்கிவிட்டு மற்றதை விதைக்கு வைக்கலாமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். இந்த ஆண்டு கையிருப்பில் உள்ள விதையை அனுப்ப முடியுமா என்பது, நெதர்லாந்து ஆய்வகச் சோதனையை மட்டும் ஏற்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் இன்றே அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: மிளகாய் விதைக்கு உங்கள் நாட்டுத் தாவர நல நிபந்தனையின் நகலை அனுப்புங்கள்; ஹெம்ப் விதை எங்களிடம் இல்லை.